ரஹ்மான் – மணிரத்னம்: உங்களுக்குப் பிடித்த ஆல்பத்திலேயே மோசமான பாட்டு எது?

அஸ்தம்பட்டி ரேடியோ:

ரஹ்மானும் மணிரத்னமும் சேர்ந்த ஆல்பங்களில் எது டாப் என்று கேட்டால் எல்லாரும் வரிசையாக வந்து ரோஜா, பம்பாய், அலைபாயுதே என்று ஒப்பித்துவிட்டுப் போவார்கள். அதில் சண்டையும் வராது, சுவாரசியமும் வராது. அதனால் கேள்வியை மாற்றிப் போடுகிறேன். உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஆல்பம் எதுவோ அதில் மோசமான பாட்டைச் சொல்லுங்கள். பிடிக்கவே பிடிக்காத ஆல்பம் எதுவோ அதில் நல்ல பாட்டைச் சொல்லுங்கள். காரணம் கட்டாயம். "எல்லாப் பாட்டுமே நல்லாத்தான் இருக்கு" என்று எழுதுகிறவர் எல்லாருக்கும் தட்டுவடை செட் வாங்கித் தர வேண்டும்.

1992 ரோஜாவிலிருந்து 2025 தக் லைஃப் வரை எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். இந்திப் பக்கம் போக வேண்டாம். உயிரே 'தில் சே'யின் தமிழ் வடிவம்தான், ஆனாலும் நம் ஊரில் அதைத் தமிழ்ப் பாட்டாகக் கேட்டுத்தான் வளர்ந்தோம், எனவே அது செல்லும். பின்னணி இசை கணக்கில் வராது. பம்பாய் தீம் மட்டும் கேசட்டிலேயே வந்ததால் விதிவிலக்கு.

முதலில் நான். பிடித்தது திருடா திருடா, 1993. ரோஜா வந்து தேசிய விருதும் வாங்கிய பிறகு அதே மாதிரி இன்னொன்று செய்து ஜெயித்திருக்கலாம், ஆனால் மனுஷன் ராசாத்தி பாட்டில் வாத்தியத்தையே தூக்கிப் போட்டுவிட்டு ஷாகுல் ஹமீது குரலையும் கோரஸையும் மட்டும் வைத்துப் பாட்டு முடித்தார். தீ தீ, சந்திரலேகா, வீரபாண்டிக் கோட்டை, ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. மோசமானது என்றால் புத்தம் புது பூமி. அடிக்க வராதீர்கள். மெட்டில் குறை இல்லை. ரோஜாவில் ஒரு பெண் தன் ஆசைகளைப் பட்டியல் போட்டாள், அது புதுசாக இருந்தது. அடுத்த வருஷமே இன்னொரு பட்டியல் என்றால்?

பிடிக்காதது கடல், 2013. மகுடி மகுடி வரும்போதெல்லாம் கை தானாக அடுத்த பாட்டுக்குப் போகிறது. ஆனால் அதே ஆல்பத்தில் சித்திரை நிலா இருக்கிறது. எல்லாரும் நெஞ்சுக்குள்ள, அடியே என்று இரண்டிலேயே நின்றுவிடுவதால் இது பாவம் அநாதையாகக் கிடக்கிறது. விஜய் யேசுதாஸ் அதைப் பாடியிருக்கும் நிதானத்துக்காகவே கேட்கலாம்.


குகை ஆக்டோபேட்:

ரேடியோ தம்பி, நீங்கள் வீட்டில் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டு மார்க் போடுகிறீர்கள். நான் மெல்லிசைக் குழுவில் ரிதம் வாசிக்கிறவன். ஆடி மாதம் வந்தால் சேலத்தில் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, ஒரு பக்கம் கோட்டை மாரியம்மன், ஒரு பக்கம் எங்கள் குகைப் பகுதியின் வண்டி வேடிக்கை, தெருவுக்குத் தெரு மேடை. அங்கே எந்தப் பாட்டு நிற்கிறது எது விழுகிறது என்று கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நீங்கள் கொண்டாடும் ராசாத்தி எங்களுக்கு எமன். வாத்தியம் இல்லாத பாட்டு என்பதால் சுலபம் என்று நினைப்பவர்கள் மேடையில் ஏறிப் பார்க்க வேண்டும். கோரஸுக்கு நல்ல குரல்கள் ஒரு கும்பலாக வேண்டும், எங்கள் குழுவில் கோரஸ் என்றால் இரண்டு பெண்களும் மைக் பிடிக்கத் தெரிந்த டோலக்காரரும்தான். சுருதி தொங்கிவிடுமோ என்று பயந்து கீபோர்டுக்காரர் அடியில் ஒரு ஸ்ட்ரிங்ஸ் பிடித்துவிடுவார், அவ்வளவுதான், பாட்டு செத்தது. அதைக் கேட்டுச் சீட்டு வந்தால் நான் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன்.

எனக்குப் பிடித்த ஆல்பம் பம்பாய். கண்ணாளனே ஒன்று போதும். சித்ரா பாடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கோரஸ் நுழையும் இடம், தாளம் உள்ளே வருவதற்கு முன்னால் விடும் இடைவெளி, அதைப் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எல்லாரும் அவசரப்பட்டு முன்னாலேயே அடித்துவிடுவார்கள். இதே ஆல்பத்தில் வரும் உயிரே பாட்டும் அப்படித்தான், ஹரிஹரன் இழுப்பதை அளந்து பாட நம்மிடம் ஆள் கிடையாது.

அதில் மோசமானது குச்சி குச்சி ராக்கம்மா. குட்டிப் பையனாக ஜி.வி.பிரகாஷ் குரல் இருக்கிறது, ஸ்வர்ணலதா இருக்கிறார், எல்லாம் சரி. ஆனால் உயிரே, அரபிக் கடலோரம் எல்லாம் ஒரு ஊரில் இருக்கும்போது இது மட்டும் வேறு ஒரு படத்துக்குப் போட்ட பாட்டு வழிதவறி வந்தது போல இருக்கிறது. கூத்து என்னவென்றால் மேடையில் பம்பாய் ஆல்பத்திலிருந்து அதிகம் சீட்டு வருவது இதற்குத்தான். பசங்கள் ஆடுவார்கள். ஒன்ஸ்மோர் வேறு.

பிடிக்காத ஆல்பம் ஆயுத எழுத்து. 2004-இல் அதைப் பெரிய புரட்சி என்றார்கள். எனக்கு டோல் டோல் எல்லாம் சத்தமாகத்தான் கேட்டது. ஆனால் சண்டக் கோழி நல்ல பாட்டு, மதுஸ்ரீ பாடும் விதத்தில் ஒரு சோம்பல் இருக்கும், அந்தச் சோம்பல்தான் அழகு.

புத்தம் புது பூமியைக் குறை சொன்னதற்கு நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்கிறேன்.


மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு:

இருவர் படத்தைப் பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சேலத்துக்காரர்கள் பேசும் இடத்தில் இது அநியாயம்.

ஏற்காடு ரோட்டில் அந்த வளைவைத் தினமும் தாண்டிப் போகிறீர்கள் அல்லவா, அதற்குப் பின்னால்தான் டி.ஆர்.சுந்தரத்தின் ஸ்டுடியோ இருந்தது. கலைஞர் வசனம் எழுதி எம்.ஜி.ஆர். நடித்த மந்திரி குமாரி 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம். அந்த இரண்டு பேரின் நட்பையும் பிரிவையும் நினைவுபடுத்தும் கதையைத்தான் 1997-இல் மணிரத்னம் படமாக எடுத்தார். படம் ஓடவில்லை. பிரகாஷ்ராஜுக்கும் சந்தோஷ் சிவனுக்கும் தேசிய விருது கிடைத்தது. பாட்டுக்கு மட்டும் அப்போது கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் வயிற்றெரிச்சல்.

ஏன் சொல்கிறேன் என்றால், ரஹ்மான் மற்ற ஆல்பங்களில் தன் காலத்துக்கு முன்னால் ஓடினார் என்று புகழ்கிறோம், இதில் அவர் பின்னால் நடந்து போக வேண்டியிருந்தது, அதுதான் கஷ்டம். ஆயிரத்தில் நான் ஒருவன் பாட்டைக் கேளுங்கள். மனோவின் குரலில் அந்தக் காலத்து வாத்தியார் பாட்டுக்குரிய மிடுக்கு அப்படியே இருக்கும், ஆனால் எந்தப் பழைய பாட்டையும் பார்த்துப் போட்டதாகக் காட்ட முடியாது. ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி அந்தக் காலத்து கிளப் டான்ஸ் பாட்டு. நறுமுகையே கேட்டால் குறுந்தொகையும் புறநானூறும் உன்னிகிருஷ்ணன், பாம்பே ஜெயஸ்ரீ வாயில் சினிமாப் பாட்டாக வந்து உட்காருகிறது. வைரமுத்து அந்த ஆல்பத்தில் செய்தது தனியாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். அரவிந்த்சாமி குரல் கொடுத்த 'உன்னோடு நானிருந்த' கவிதைப் பகுதி இருக்கிறதே, அதை நான் பாட்டுக் கணக்கில்தான் சேர்ப்பேன். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் இருக்கட்டும்.

மோசமானது வெண்ணிலா வெண்ணிலா. ஆஷா போஸ்லே பெரிய பாடகி, அதில் சந்தேகமில்லை. ஆனால் மற்ற பாட்டெல்லாம் உச்சரிப்பிலேயே பழைய தமிழ்நாட்டைக் கொண்டுவந்து நிறுத்தும்போது இதில் மட்டும் சொற்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன. அவரே மூன்று வருஷம் கழித்து செப்டம்பர் மாதம் பாடினார், அது நகரத்துக் காதல் பாட்டு, அங்கே அந்த வழுக்கல் பொருந்திவிட்டது. ஆக, குறை பாடகியிடம் இல்லை, பாட்டை யாரிடம் கொடுத்தார்கள் என்பதில்தான்.

பிடிக்காத ஆல்பம் பொன்னியின் செல்வன், இரண்டு பாகமும். சோழர் காலத்துக்குப் பின்னால் நடந்து போகச் சொன்னால் பாதி வழியில் ஸ்டேடியத்துக்குள் நுழைந்துவிட்டார். அதில் அகநக மட்டும் தனி. முதல் பாகத்தில் பின்னணியில் கொஞ்சம் கேட்டுவிட்டு முழுப் பாட்டு எங்கே எங்கே என்று ஜனம் கேட்டுக்கொண்டே இருந்தது, 2023-இல் இரண்டாம் பாகத்தில் சக்திஸ்ரீ கோபாலன் குரலில் வந்தது.


அம்மாப்பேட்டை தறி:

எல்லாரும் கட்டுரை எழுதுகிறீர்கள். எனக்கு ஷிப்டு.

விசைத்தறி ஓடும் இடத்தில் பாட்டுக் கேட்டுப் பாருங்கள், எது நல்ல பாட்டு என்று தானாகத் தெரியும். அடியில் போகிற பேஸ், சின்னச் சின்ன சத்தம், பின்னால் யாரோ முணுமுணுப்பது எல்லாவற்றையும் தறி தின்றுவிடும். மிஞ்சுவது மெட்டும் குரலும்தான். அந்தப் பரீட்சையில் அலைபாயுதே முதல் மாணவன். அதிலும் எவனோ ஒருவன். ஸ்வர்ணலதா குரல் அத்தனை தறிச் சத்தத்தையும் தாண்டி வந்து சேரும், கத்தவே மாட்டார். 2010-இல் போய்விட்டார்.

அந்த ஆல்பத்தில் மோசமானது காதல் சடுகுடு. கடற்கரை, ரயில் எல்லாம் கண்ணை விட்டுப் போய்விட்டால் காதுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

பிடிக்காதது காற்று வெளியிடை. நல்ல பாட்டு நல்லை அல்லை. வளைவு ஐயா நறுமுகையே பற்றிச் சொன்னார், இதன் தலைப்பும் குறுந்தொகையில் இருப்பதுதான், அவருக்குப் பிடிக்கும்.


நாகலூர் மிளகுக்கொடி:

அண்ணன்களா, ஐயா, எல்லாருக்கும் வணக்கம். மலை மேலிருந்து ஒரு ஓட்டு.

நீங்கள் எல்லாரும் 2002-ஐத் தாண்டி வந்து ஒரு ஆல்பத்தைக்கூடப் பிடித்தது என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? பிடிக்காத ஆல்பம் மட்டும் எல்லாருக்கும் புதுசாகவே இருக்கிறது, அதெப்படி? கேசட்டில் பாட்டைத் தாண்ட வேண்டுமென்றால் ஃபார்வர்டு பட்டனை அழுத்திக் குத்துமதிப்பாக நிறுத்த வேண்டும், டேப் சிக்கிக்கொள்ளும் என்று வீட்டில் திட்டுவார்கள், அதனால் பிடிக்காத பாட்டையும் சேர்த்தே கேட்டீர்கள். கேட்டுக் கேட்டுப் பிடித்துப்போய்விட்டது. எங்களுக்கு ஒரு விரல் போதும். மகுடி பாட்டை ரேடியோ அண்ணன் பத்து நொடிகூடக் கேட்டிருக்க மாட்டார் என்று பந்தயம் கட்டுகிறேன். அதையே 93-இல் கேசட்டின் பி பக்கத்தில் போட்டுக் கொடுத்திருந்தால் இன்று "அந்தக் காலத்திலேயே என்ன ராப்பு பார்" என்று எழுதியிருப்பார்.

என்னுடைய ஆல்பம் ராவணன், 2010. இங்கே காபி பழம் பறிக்கிற சமயம் தோட்டத்தில் மூடுபனியாக இருக்கும், பக்கத்து வரிசையில் இருப்பவரின் முகம் தெரியாது, யாரோ ஒருவர் போனில் உசுரே போகுதே போட்டுவிட்டால் ஒரு சரிவு முழுக்கக் கேட்கும். கார்த்திக் பாடியதில் அதற்குப் பக்கத்தில் வைக்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காட்டுச் சிறுக்கியின் தாளம் ஏறுவது, கள்வரேயில் ஸ்ரேயா கோஷல். இதைவிட நல்லது படத்தின் கடைசியில் ரஹ்மானே பாடும் நான் வருவேன். முதலில் வந்த ஆல்பத்தில் அதைச் சேர்க்கவே இல்லை, அது எந்த நியாயம் என்று தெரியவில்லை. மோசமானது கெடா கெடா கறி. கல்யாண வீட்டுப் பாட்டு என்பது தெரியும், ஆனால் கல்யாண வீட்டில் யாரும் அதைப் போட்டு நான் கேட்டதில்லை.

பிடிக்காதது உயிரே. அடிக்க வேண்டாம், காரணம் சொல்கிறேன். இந்தியில் எடுத்த படத்தின் வாயசைவுக்கு வார்த்தை வைத்ததால் பல இடங்களில் தமிழ் மூச்சுத் திணறுகிறது. தைய தையா ஊட்டி மலை ரயிலில் எடுத்தது, அதற்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு, எங்கள் ஏற்காட்டுக்கு ரயிலே கிடையாது, இருபது கொண்டை ஊசி வளைவு மட்டும்தான், பஸ் கூரையில் ஏறி ஆடினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதில் நல்ல பாட்டு நெஞ்சினிலே. இந்தியில் லதா மங்கேஷ்கர் பாடியதை விட ஜானகியம்மா பாடியதுதான் எனக்கு உசத்தி.


அஸ்தம்பட்டி ரேடியோ:

மிளகுக்கொடி, பந்தயம் உங்களுக்குத் தான். ஆனால் ராப்பு விஷயம் ஒப்புக்கொள்ள மாட்டேன், 93-லேயே சுரேஷ் பீட்டர்ஸ் இருந்தார், நாங்கள் ராப்புக்கு எதிரிகள் கிடையாது. மகுடியில் எனக்குப் பிரச்சினை வேறு. கடற்கரைக் கிராமம், பாதிரியார், சர்ச் என்று ஓடுகிற ஆல்பத்தில், அன்பின் வாசலே பக்கத்தில், அது என்ன செய்கிறது? ஆக்டோபேட் அண்ணன் ராக்கம்மாவைப் பற்றிச் சொன்ன அதே குறைதான்.

இன்னொன்று. முத்த மழையை யாரும் எடுக்கவில்லையே, பயமா?


நாகலூர் மிளகுக்கொடி:

பயமெல்லாம் இல்லை. தக் லைஃப் ஆல்பத்தில் பாடகி தீ பாடியதுதான் பாட்டு. அதையே சின்மயி பாட்டு வெளியீட்டு விழா மேடையில் பாடியது ஒரு நாள் கச்சேரி, பிரமாதமான கச்சேரி. ஊரே அதைப் பகிர்ந்தது, நானும் பகிர்ந்தேன். ஆனால் தீயின் குரலில் ஒரு களைப்பு இருக்கிறது, பாட்டுக்கு அது வேண்டும். சுத்தமாகப் பாடுவதுதான் நல்ல பாட்டு என்றால் போட்டி நடத்தி மார்க் போட்டுவிடலாம்.


குகை ஆக்டோபேட்:

இதில் நான் சின்மயி பக்கம். ஒரு தெய்வம் தந்த பூவே பாடி வந்த குரல் அது, 2002-இல் அதைக் கேட்டவனுக்குக் காது வேறு மாதிரிதான் இருக்கும். களைப்பு வேண்டும் என்றால் சுருதியில் நின்றுகொண்டே களைப்பைக் காட்டலாம், ஸ்வர்ணலதா காட்டவில்லையா? தறிக்காரரைக் கேளுங்கள்.

இதைச் சொல்லும்போதே கன்னத்தில் முத்தமிட்டால் ஆல்பத்தை ஒருவரும் எடுக்கவில்லை என்பது உறைக்கிறது. ரஹ்மானுக்கும் வைரமுத்துவுக்கும் அந்த வருஷம் இரண்டு தேசிய விருது. விடை கொடு எங்கள் நாடே பாட்டில் எம்.எஸ்.வி. குரல். அதை நாங்கள் மேடையில் எடுப்பதே இல்லை. ஆடித் திருவிழாவில் அதைப் பாடி ஜனத்தை அழவிட்டு அடுத்து என்ன வாசிப்பது?


மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு:

ஆக்டோபேட், உங்கள் அளவுகோலில்தான் எனக்குச் சண்டை. மேடையில் நிற்காத பாட்டு மோசம் என்றால் இருவர் மொத்தமும் மோசம் ஆகிவிடும். ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சியில் வரும் பித்தளை வாத்தியங்களை உங்கள் கீபோர்டில் வாசித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், போன வருஷம் கேட்டேன். ஹாரன் அடித்த மாதிரி இருந்தது.

மிளகுக்கொடி அம்மா சொன்ன கேசட் விஷயம் பாதி சரி. பழக்கத்தால் பிடித்த பாட்டு எனக்கும் உண்டு, ரோஜாவின் ருக்குமணி ருக்குமணி அந்த வகை. ஆனால் வெண்ணிலாவை அதே அளவு கேட்டேன், இன்றுவரை ஒட்டவில்லை. அப்படியென்றால் பழக்கம் மட்டும் காரணம் இல்லை அல்லவா?


குகை ஆக்டோபேட்:

ஹாரன் என்றா சொன்னீர்கள். அந்த மேடையில் நாங்கள் இல்லை ஐயா, அது வேறு குழுவாக இருக்கும். எங்கள் கீபோர்டுக்காரர் அந்தப் பாட்டைத் தொடவே மாட்டார், அந்த அளவுக்குப் புத்திசாலி.


அம்மாப்பேட்டை தறி:

முத்த மழை தறியில் கேட்டேன். இரண்டும் கேட்கிறது. சின்மயி கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறது. சண்டையைத் தொடருங்கள்.

செக்கச் சிவந்த வானம் என்று 2018-இல் ஒரு படம் வந்ததே, அதை யாரும் பிடித்ததிலும் சேர்க்கவில்லை, பிடிக்காததிலும் சேர்க்கவில்லை. பிடிக்காத ஆல்பத்தை விட இது மோசமான நிலைமை. அதில் மழைக் குருவி இருக்கிறது, ரஹ்மானே பாடியது. ரேடியோ அண்ணன், பட்டியல் போடும்போது அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பூமி பூமி வேண்டாம்.